பெரியநாயகத்தை அடக்கம் செய்த செவ்வாய்க்கிழமை

சாவுச் செய்தி வந்தபோது கித்தேரி ஓர் அண்டாவுக்குள் இருந்தாள். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே இடுப்புவரை உள்ளே இருந்தாள். செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு பேருக்குச் சாம்பார் வைக்கிற அண்டா அது. அடிப்பிடித்த பருப்பைச் சுரண்ட வேண்டுமென்றால் அதைப் படுக்கப்போட்டு ஆள் உள்ளே போக வேண்டும். முந்தின நாள் கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் காரேறிப் போய்விட்டார்கள். பருப்பு மட்டும் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது.

வெளியே யாரோ அண்டாவைக் கரண்டியால் தட்டினார்கள். காதுக்குள் கோயில் மணி அடித்தது போலிருந்தது.

"அடியே கித்தேரி, வெளிய வா. ஒன் போனு அரமணி நேரமா கத்துது." ரஞ்சிதத்தின் குரல். ஒரே காலனி, அடுத்தடுத்த தெரு, ஒரே மண்டபத்தில் ஒரே பாத்திரம் தேய்க்கிற வேலை. "நானே எடுத்துப் பேசிட்டேன். பெரியநாயகம் பூட்டாளாம்."

"எங்க பூட்டா?"

"எங்கன்னா? மெட்ராசுக்கா? மேலதான்."

கித்தேரி அண்டாவை விட்டு வெளியே வரவில்லை. உள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தாள். இருட்டாக, ஈரமாக, யாரும் கேள்வி கேட்காத இடமாக இருந்தது. அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அந்த நிமிஷத்தில் உலகத்திலேயே அவளுக்குப் பிடித்த இடம் அந்த அண்டாதான்.

அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. அடக்கத்தை நடத்த வேண்டியவள் கித்தேரிதான்.

செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகிற ரோட்டில் ஏழாவது கிலோமீட்டரில் அந்தக் காலனி. அறுபது வீடு, அதில் முப்பத்தைந்து கிறிஸ்தவ வீடு, ஊர்ப்பேச்சில் வேதக்கார வீடு, ஒரு சின்ன சூசையப்பர் கோயில். பங்குச்சாமியாருக்கு இதுபோல இன்னும் பத்து ஊர் இருக்கிறது; மாதத்துக்கு இரண்டு ஞாயிறு வந்தால் பெரிது. மற்ற நாளெல்லாம் உபதேசியார் பாடு. செபம் சொல்வது, மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லித்தருவது, சாவு வந்தால் சிலுவைக்குப் பின்னால் முதல் ஆளாக நடப்பது எல்லாம் அவர்தான். அந்த உபதேசியார் கித்தேரியின் புருஷன் அருளப்பன். அவருக்குத் தொண்டையில் மைக் வைத்தே ஆண்டவர் அனுப்பியிருந்தார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் நெஞ்சு வலி என்றார்; மறுநாள் இல்லை.

"ஆள் கெடைக்கற வரைக்கும் நீயே பாத்துக்கோம்மா" என்று சாமியார் கோயில் சாவியை அவள் கையில் கொடுத்தார். ஆள் கிடைக்கவில்லை. தேடினாரா என்பது சாமியாருக்கும் ஆண்டவருக்கும் தெரிந்த விஷயம். கித்தேரி ஏழாவது வரை படித்தவள். எழுத்துக்கு அடியில் விரலை வைத்துத் தள்ளித் தள்ளித்தான் படிப்பாள். விரல் வழுக்கினால் ஒரு வரி போய்விடும். யாராவது "நான் படிக்கட்டாக்கா?" என்று கேட்டால் "பரவால்ல" என்பாள். "மணி நான் அடிக்கறேன்" என்றால் "பரவால்ல". கோயில் கூட்ட வந்தாலும் "பரவால்ல". முடியும் என்பதால் சொன்னதில்லை. ஒன்றை விட்டுக் கொடுத்தால், இவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது வெளியே வந்துவிடும் என்று பயம்.

அது தெரிந்துபோன ஒரே ஆள் பெரியநாயகம்.

பெரியநாயகத்துக்கு எல்லாச் செபமும் மனப்பாடம். சனிக்கிழமை செபமாலையில் ஒரு அருள்நிறை மந்திரம் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். போன தவக்காலத்தில் கித்தேரி சிலுவைப்பாதை நடத்தும்போது விரல் வழுக்கி எட்டாம் நிலையிலிருந்து நேரே பத்தாம் நிலைக்குப் போய்விட்டாள். பெரியநாயகம் நடுத்தெருவில் முட்டி போட்டபடியே கையை உயர்த்தி ஊர்வலத்தை நிறுத்தினாள்.

"ஏண்டி, ஆண்டவர் மூணாந்தரம் விழலியா? நீ எப்பிடி அவர விழாமயே கூட்டிக்கினு போவ?"

ஊரே சிரித்தது. பெரியநாயகம் சிரிக்கவில்லை. கோயில் வாசலில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "நான் செத்தா சாமியார் வரணும். இவ அடக்கம் பண்ணா நான் மோட்சத்துக்குப் போவமாட்டேன். பாதி வழில எறங்கிடுவேன்."

இப்போது அவள் செத்துவிட்டாள். சாமியார் இல்லை. வருஷாந்தர தியானம், மறைமாவட்டத்துச் சாமியார்கள் எல்லாரும் ஒரே இடத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வாரம். சனிக்கிழமைதான் வெளியே வருவார்கள். கித்தேரி மண்டபத்துக் குழாயடியில் நின்றுகொண்டு பங்குச்சாமியாரின் நம்பரை ஏழு தடவை போட்டாள். ஏழு தடவையும் ஒரு பொம்பளைக் குரல் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. அந்தக் குரலில் இருந்த தெளிவைக் கேட்டு, இவளை உபதேசியாராகப் போட்டிருக்கலாம் என்று கித்தேரிக்குத் தோன்றியது.

அன்றைக்கு அமாவாசை. மலையனூர் அங்காளம்மனுக்குப் போகிற கூட்டம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் தரை தெரியாமல் நின்றது. ஸ்பெஷல் பஸ்ஸில் கண்டக்டர் கையை நீட்டி மறித்தார்.

"மலையனூர் மட்டும்தான் ஏறு. நடுவுல நிக்காது."

"சாவு வூட்டுக்குப் போறோம் சார்" என்றாள் ரஞ்சிதம். "நிக்கலன்னா பொணம் பஸ்ஸ தேடிக்கினு வரும், பாத்துக்கோ."

கண்டக்டர் கையை எடுத்துவிட்டார்.

காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்த நாள். சோடா உப்பில் ஊறி விரல் நுனிகள் வெடித்திருந்தன. கம்பியைப் பிடித்தால் எரிந்தது. மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி இவள் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து, "அக்கா, இப்பிடி ஒண்டிக்கோக்கா" என்றாள்.

"பரவால்ல" என்றாள் கித்தேரி.

ரஞ்சிதம் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். "இவளுக்குப் பரவால்ல. எனக்குக் காலு இருக்குது."

ஜன்னலில் கோட்டை மலை வந்து பின்னால் போயிற்று. கித்தேரி மனசுக்குள் செபம் சொல்லப் பார்த்தாள். 'ஆண்டவரே' என்று ஆரம்பித்தது, அதற்கு மேல் நகரவில்லை. அந்த ஒரு வார்த்தையோடு ஏழு கிலோமீட்டரும் நின்றுகொண்டே வந்தாள்.

அம்மாவுக்கு முடியவில்லை என்று விடியற்காலையிலேயே தகவல் போய், பெரியநாயகத்தின் மகன் தைரியநாதன் சென்னையிலிருந்து வந்து சேர்ந்திருந்தான். கம்பெனியில் சூப்பர்வைசர். இன் பண்ணின சட்டையோடு வாசலில் நின்று போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் போனை இறக்கினான்.

"அக்கா, வேற சாமியாரே இல்லியா? திண்டிவனம், செஞ்சி, எங்கயுமா இல்ல?"

"எல்லாரும் தியானத்துல இருக்காங்கப்பா. சனிக்கெழமதான்."

"ஐஸ் பாக்ஸ்ல வெச்சா சனிக்கெழம வரைக்கும் தாங்காதா?"

பாக்ஸ் வந்துதான் இருந்தது. கண்ணாடிக்குள் பெரியநாயகம், இப்போதும் யாரையோ திட்டப்போகிற வாயோடு. ஆனால் பதினோரு மணியிலிருந்து கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பாம், ஐந்து மணிக்கு வரும் என்றார்கள், போன மாதமும் அப்படித்தான் சொல்லி ராத்திரி வந்தது. ஆவணி வெயில் தகரக் கொட்டகை மேல் காய்ந்துகொண்டிருந்தது.

"பூசைய சாமியார் வந்து வெப்பாரு" என்றாள் கித்தேரி. "மண்ண நாமதான் போடணும்."

தைரியநாதன் அவளையே பார்த்தான். அம்மா என்ன சொன்னாள் என்பது அவனுக்கும் தெரியும். அம்மா வாரத்துக்கு ஒருமுறை போனில் சொல்வது அதுதான்.

"ஒழுங்கா பண்ணுவீங்களாக்கா?"

திட்டுகிற மாதிரி கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். அவன் கெஞ்சுகிற மாதிரி கேட்டான். கித்தேரி தலையை ஆட்டினாள். ஒருத்தி அறுபத்தெட்டு வருஷம் ஒரு மந்திரம் குறையாமல் சொல்லியிருக்கிறாள். அவளைக் குறையில்லாமல் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதுதான் தன்னால் ஆகாது என்று கித்தேரிக்குத் தெரிந்திருந்தது.

கோயிலுக்குப் போய் துக்க மணி அடித்தாள். தீர்த்தப் பாட்டிலை எடுத்தாள். பீரோவின் கீழ்த்தட்டில் அருளப்பனின் அடக்கச் சடங்குப் புத்தகம், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. இந்த ஒன்றரை வருஷத்தில் ஊரில் இரண்டு சாவு. இரண்டுக்கும் சாமியார் வந்து தன்னுடைய புத்தகத்தில் படித்தார். இதை அவள் தொட்டதே இல்லை. ஒரு தடவை திறந்து பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். உறையின் மேல் அவர் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடத்தைப் பார்த்தாள். திறக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். வீட்டிலிருந்து கல்லறைக்கு அரைக் கிலோமீட்டர். சிலுவைக்குப் பின்னால் கித்தேரி, அவளுக்குப் பின்னால் பெட்டி, பெட்டிக்குப் பின்னால் ஊர். வழியெல்லாம் செபமாலை. ஐந்தாவது பத்தில் அவளுக்கு எண்ணிக்கை தப்பியது. பத்தா பதினொன்றா தெரியவில்லை. பின்னால் ஒரு குரலும் அவளைத் திருத்தவில்லை. திருத்துகிற ஆள் பெட்டிக்குள் இருந்தாள்.

குழி தயாராக இருந்தது. பக்கத்துத் தெரு கன்னியப்பன்தான் எல்லாருக்கும் தோண்டுவார், எந்த மதமானாலும். பெட்டியை மேட்டில் இறக்கி வைத்தார்கள். கன்னியப்பன் குழிக்குள் இறங்கி அடியைச் சமன் செய்துகொண்டிருந்தார். தலை மட்டும் வெளியே தெரிந்தது.

கித்தேரி புத்தகத்தைத் திறந்தாள். விரலை முதல் வரியில் வைத்தாள். படித்தாள். நன்றாகவே வந்தது. விரல் வழுக்கவில்லை. இரண்டாவது வரி, மூன்றாவது வரி. 'உம்மிடம் வந்து சேரும் உம் அடியார் அருளப்பனை உமது இரக்கத்தின் கைகளில் ஏற்றுக்கொள்ளும்' என்று முடித்தாள்.

"ஆமென்" என்றது ஊர். பலமாக.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அடியே" என்றாள் ரஞ்சிதம், ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. "அவரு போயி ஒன்றர வருசம் ஆவுதேடி. மறுபடி எங்க அனுப்புற?"

பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி இருமலாக மாறியது. பெரியநாயகத்தின் மருமகள் செயசீலி அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு வாய் திறந்தபடி நின்றாள்.

கித்தேரி புத்தகத்தைப் பார்த்தாள். இறந்தவர் பேரைச் சொல்ல வேண்டிய இடத்தில் புத்தகத்தில் வெறுமனே 'பெயர்' என்றுதான் அச்சாகியிருக்கும். பேர் மாறிவிடக்கூடாது என்று அருளப்பன் ஒவ்வொரு அடக்கத்துக்கும் அதன் மேல் பென்சிலால் எழுதிக்கொள்வார், முடிந்ததும் ரப்பரால் அழித்துவிடுவார். அவரை அடக்கம் செய்ய வந்தவர் புதிதாக வந்த சின்ன சாமியார். இதே புத்தகத்தை வாங்கி, பென்சில் அழித்த தடத்தைப் பார்த்து, அருளப்பன் பழக்கப்படியே பென்சிலால் எழுதிக்கொண்டு படித்தார். அழிக்க வேண்டிய ஆள் அன்றைக்குக் குழிக்குள் போய்விட்டார். சின்னச் சின்னச் சாய்ந்த எழுத்தில் பக்கம் முழுக்க ஐந்து இடத்தில் அருளப்பன், அருளப்பன் என்று இருந்தது.

அந்த நாளில் இந்தச் செபத்தை அவள் கேட்கவில்லை. தரையில் கிடந்து கத்திக்கொண்டிருந்தாள். இன்றைக்குத்தான், அவள் வாயாலேயே, முதல் தடவையாகக் கேட்டாள்.

அடுத்த வரி தெரியவில்லை. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பேரை மாற்றிப் படித்தால் போதும், மூளைக்குத் தெரிந்தது. வாய் திறக்கவில்லை. ஐம்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெட்டிக்குள் இருப்பவளும் பார்ப்பது போலிருந்தது. காலையிலிருந்து தொண்டையில் நின்றிருந்த செபம் அப்போதுதான் முடிந்தது: ஆண்டவரே, என்னால முடியல.

வானத்திலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. வெயில் அப்படியே காய்ந்தது.

அவள் வாயைத் திறந்தாள். பழக்கப்பட்ட 'பரவால்ல' நுனிநாக்குவரை வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வேறொன்று வெளியே வந்தது. "எனக்கு முடியலப்பா" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "எனக்குப் படிக்க வராது. இன்னிக்கி சுத்தமா வரல. யாராச்சும் வாங்க. கூட வந்து சொல்லுங்க."

யாரும் அசையவில்லை. ஒன்றரை வருஷமாக வேண்டாம் என்று சொன்னவள் கூப்பிட்டால் யாருக்கு உடனே கால் வரும்?

குழிக்குள்ளிருந்து கன்னியப்பன்தான் முதலில் பேசினார். "இன்னாம்மா இப்ப ஆயிப்போச்சு? எங்க கோயில்ல பூசாரி என் பேர மூணு தபா மாத்தி அர்ச்சன பண்ணிக்கிறாரு. சாமி என்ன கோவிச்சுக்கிச்சா? மேல இருக்கறவருக்கு யாரு வர்றாங்கன்னு தெரியாதா? யாராச்சும் படிங்கப்பா. எனுக்கு இடுப்பு வலிக்குது."

தைரியநாதன் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, கித்தேரிக்குப் பக்கத்தில் நின்று புத்தகத்தின் ஒரு ஓரத்தைப் பிடித்தான். இன்னொரு பக்கம் செயசீலி வந்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டே. புத்தகத்தோடு கித்தேரியின் மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஈரமான, சூடான கை.

செயசீலி பன்னிரண்டாவது பாஸ். கணீரென்று எடுத்தாள். "இங்கே குருவானவர் கல்லறையின் மீது தீர்த்தம் தெளிப்பார்."

"ஆமென்" என்றது ஊர்.

கித்தேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. செயசீலி பயந்துபோனாள். "அய்யோ, அது படிக்கக் கூடாதாக்கா?"

"படிச்சிட்ட இல்ல, தெளி" என்று பாட்டிலை நீட்டினாள் கித்தேரி.

செயசீலி தெளித்தாள். முக்கால்வாசி கன்னியப்பன் தலையில் விழுந்தது. "என்னையும் சேத்துக்கினீங்களா" என்றார் அவர்.

பிறகு தைரியநாதனின் முறை வந்தது. அவன் கடைசியாகச் செபப் புத்தகம் பிடித்தது அவனுடைய கல்யாணத்தில். முதல் வரியிலிருந்து மெதுவாகப் படித்தான். 'உம் அடியார்' வரை வந்தான். அங்கே நின்றான். பென்சில் பேரைத் தாண்டி அம்மா பேரைச் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வருஷத்தில் அம்மா பேரை அவன் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. பெத்தவள் பேரை எந்தப் பிள்ளை சொல்லும்? கூப்பிட வேண்டியது அம்மா. விண்ணப்பத்தில் எழுத வேண்டியதுதான் பேர்.

"உம் அடியார் எங்கம்மா" என்றான். அதோடு உடைந்துவிட்டது. சூப்பர்வைசர் சின்னப் பையன் மாதிரி முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டான். "அக்கா, எனக்கு வர்லக்கா."

"பெரியநாயகத்தை" என்றாள் கித்தேரி.

புத்தகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அந்தப் பேர் அவளுக்குச் சுலபமாக வந்தது. எத்தனை நாள் கோபத்தில் சொன்ன பேர் அது. மிச்சம் நான்கு இடத்திலும் அப்படியே நடந்தது: அவன் வரியைப் படிப்பான், பேர் வருகிற இடத்தில் நிற்பான், இவள் பேரைச் சொல்வாள், அவன் தொடர்வான். இவளுக்கு வராததை அவன் சொன்னான், அவனுக்கு வராததை இவள் சொன்னாள். நடுவில் எங்கே போகிறோம் என்று தெரியாமல் செயசீலி விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பத்தி இரண்டு தடவை வந்தது. ஒன்று விட்டே போயிருக்கலாம். ஊர் எதற்கும் குறைவைக்காமல் ஆமென் சொன்னது.

உபதேசியாராக இருந்தபோது அருளப்பன் விளையாட்டாகச் சொல்வார்: நான் சொல்றது பாதி செபம்தான், நீங்க சொல்ற ஆமென்தான் மீதிப் பாதி. அந்தப் பெரிய குரலுக்கு இது தன்னடக்கமாகத்தான் தெரிந்தது. அது வெறும் உண்மை என்று இன்றைக்குக் குழி ஓரத்தில் நின்றபோது கித்தேரிக்குப் பட்டது.

பரலோக மந்திரத்துக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. வேதக்காரர் அல்லாதவர்களும் கேட்டுக் கேட்டுப் பழகி முணுமுணுத்தார்கள். ரஞ்சிதம் 'எங்கள் அன்றாட உணவை' என்கிற இடத்தில் மட்டும் சத்தமாகச் சேர்ந்துகொண்டாள். அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும். கயிறு போட்டு இறக்கினார்கள். தைரியநாதன் முதல் மண் போட்டான், பிறகு செயசீலி, பிறகு கித்தேரி. மண் பெட்டியில் விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, "போய்ட்டு வாங்கத்த" என்றாள் மெதுவாக. உயிரோடு இருந்தவரை அவளை அத்தை என்று கூப்பிட்டதில்லை.

எல்லாம் முடிந்ததும் அவள் பக்கத்துக் கல்லறையின் சிமெண்டு மேடையில் உட்கார்ந்தாள். யாருடைய கல்லறை என்றுகூடப் பார்க்கவில்லை. காலையிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் எவ்வளவு அசதி என்று உடம்பு ஒவ்வொரு இடமாகச் சொல்லத் தொடங்கியது. முட்டி, இடுப்பு, தோள். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கன்னியப்பன் மேட்டைத் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தார்.

தைரியநாதன் எதிரே வந்து நின்றான். சட்டை எங்கேயோ வெளியே வந்திருந்தது.

"ஏழாம் நாள் செபத்துக்கும் நீங்கதான் வரணுங்க்கா."

"வரேன். தனியா வரமாட்டேன். வாசகம் நீ படிக்கணும். மன்றாட்டு ஒம் பொண்டாட்டி."

"எனக்கு இன்னாக்கா தெரியும்?"

"எனக்கு மட்டும் தெரியுமா? இப்ப பாத்த இல்ல."

அவன் மண் மேட்டைப் பார்த்தான். "அம்மா இருந்திருந்தா நம்ம மூணு பேரையும் வெரட்டி வெரட்டித் திட்டியிருக்கும்" என்றான்.

"திட்டும்" என்றாள் கித்தேரி. "மறுபடி மொதல்லேந்து சொல்லுன்னும்."

செயசீலி பத்தடி தள்ளி, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அதைத் திருப்பி வாங்க வேண்டும் என்று கித்தேரிக்குத் தோன்றவில்லை. இருக்கட்டும், ஏழாம் நாளுக்குள் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

எழுந்திருக்கப் பார்த்தாள். முட்டி மடங்கியே நின்றது. இரண்டாம் தடவையும் முயன்றாள். பிறகு அப்படியே உட்கார்ந்தபடி வலது கையைத் தைரியநாதன் பக்கம் நீட்டினாள்.

"கை குடுப்பா. தூக்கி வுடு."

அவன் தூக்கினான். அந்தப் பக்கம் செயசீலி தோளைக் கொடுத்தாள். வரும்போது முன்னால் நடந்தவள் திரும்பும்போது நடுவில் நடந்தாள். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போனார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.